ஒரு வரி தள்ளிப் போன பட்டியல்

துப்பறியும் கதை பிடிக்குமா உங்களுக்கு? அப்படியென்றால் இந்த வாரம் ஒன்றைச் சிபாரிசு செய்கிறேன். ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடையில் கிடைக்காது. 'தி அனல்ஸ் ஆஃப் அப்ளைடு ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்ற புள்ளியியல் ஏட்டில் 2009-ல் வந்த ஆராய்ச்சிக் கட்டுரை. எழுதியவர்கள் கீத் பேக்கர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரண்டு பேர். இருவருக்கும் அப்போது வேலை அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில், டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில். கதையில் துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. தடயங்கள் அத்தனையும் அட்டவணைகளில், வரிசை வரிசையாக எண்களில். 'தடய அறிவியல்' என்ற வார்த்தையைத் தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள், அது சும்மா அலங்காரத்துக்கு இல்லை. படித்து முடித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் இவர்கள் பார்க்கிற உத்தியோகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பயோஸ்டாட்டிஸ்டிஷியன். 'உயிரியல் புள்ளியியலாளர்' என்று தமிழில் எழுதிவிடலாம், சொல்லத்தான் மூச்சு வாங்கும். கல்யாண வீட்டில் யாராவது "பையன் எங்க இருக்கான்?" என்று கேட்டு, "மெடிக்கல் காலேஜ்ல" என்று பதில் வந்தால் அடுத்த கேள்வி, "டாக்டரா?" "இல்லீங்க, டாக்டருங்க பண்ற ஆராய்ச்சிக்குக் கணக்குப் பாக்கறான்." "ஓ, அக்கவுண்டன்ட்டா" என்று சொல்லிவிட்டு பந்திக்கு எழுந்து போய்விடுவார்கள்.

ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று கண்டுபிடிப்பது டாக்டர் வேலை என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். டாக்டர் "நான் இந்த மாத்திரை கொடுத்தேன், குணமாச்சு" என்பார். கொடுக்காமல் விட்டிருந்தாலும் குணமாகியிருக்குமா? அது டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது, சாமிக்குத்தான் தெரியும். சாமியைத் தொந்தரவு செய்யாமல் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஒரே மாதிரி நோயாளிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மட்டும் புது மருந்து கொடுத்துப் பார்ப்பது. யார் எந்தக் கூட்டம் என்பதை டாக்டர் முடிவு செய்யக்கூடாது, சீட்டுக் குலுக்கல்தான் முடிவு செய்யவேண்டும். எத்தனை பேர் வேண்டும், எப்படிக் குலுக்குவது, பாதியில் நின்றுபோனவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது, கடைசியில் தெரிகிற வித்தியாசம் நிஜமா தற்செயலா - இவ்வளவும் பயோஸ்டாட்டிஸ்டிஷியன் பார்க்கவேண்டிய வேலை.

நம்மூரிலேயே பெரிய உதாரணம் உண்டு. அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு. அத்தனை பேருக்கும் படுக்கைக்கு எங்கே போவது? 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் (சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) ஒரு கேள்வி கேட்டது. வீட்டிலேயே இருந்துகொண்டு மருந்து சாப்பிட்டால் போதாதா? யார் வீட்டுக்கு, யார் சானடோரியத்துக்கு என்பதைக் குலுக்கலிடம் விட்டார்கள். டாக்டர்களிடம் விட்டிருந்தால் நோய் முற்றியவர்களை இரக்கப்பட்டு சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார்கள், அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது? 1959-ல் முடிவு வந்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீடும் சானடோரியமும் ஏறக்குறைய ஒன்றுதான். உலகம் முழுக்க சானடோரியக் கட்டில்கள் காலியானதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு. கணக்கு முதல் நாளே உள்ளே வந்து உட்கார்ந்தால் இப்படி.

பல சமயம் முதல் நாள் கூப்பிடுவதில்லை. எல்லாம் முடிந்து, கட்டுரை எழுதுகிற நேரத்தில்தான் ஞாபகம் வரும். எந்த ஊர் மருத்துவக் கல்லூரியிலும் நடக்கக்கூடிய உரையாடல் இது:

"டேட்டா மெயில்ல அனுப்பியிருக்கேன். ஒரு பி-வேல்யூ மட்டும் போட்டுக் குடுத்துடுங்க. நாளைக்கு டெட்லைன்."

"எந்தக் கேள்விக்கு சார்?"

"கேள்வியா? அதை நீங்களே பாருங்க. எது சிக்னிஃபிகன்ட்டா வருதோ, அதான் கேள்வி."

சிரிப்பு வருகிறது இல்லையா? இதில் இருக்கிற வில்லங்கத்தைப் பாருங்கள். மருந்தில் ஒன்றுமே இல்லை, வெறும் சர்க்கரை உருண்டை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இவ்வளவு பெரிய வித்தியாசம், அல்லது இதைவிடப் பெரியது, தற்செயலாக வர எத்தனை வாய்ப்பு? அதுதான் பி-வேல்யூ. நூற்றுக்கு 5-க்குக் கீழே இருந்தால் 'சிக்னிஃபிகன்ட்' என்று சொல்வது சம்பிரதாயம். ஒரே ஒரு கேள்வி கேட்டால் ஏமாற வாய்ப்பு நூற்றுக்கு 5. ஆண்களுக்கு வேலை செய்கிறதா, பெண்களுக்கா, குண்டானவர்களுக்கா, சர்க்கரை வியாதி இருக்கிறவர்களுக்கா என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 கேள்வி கேட்டால், ஒன்றிலாவது 'பலன்' தெரிவதற்கு வாய்ப்பு 64 சதவீதம். சர்க்கரை உருண்டைக்கு!

ரொனால்ட் ஃபிஷர் என்ற ஆங்கிலேயர் 1938-ல் கல்கத்தாவில் நடந்த புள்ளியியல் மாநாட்டில் தலைமை உரை ஆற்றியபோது இதைத்தான் கிண்டலடித்தார். பரிசோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது மாதிரி, ஆய்வு எதனால் செத்தது என்று மட்டும்தான் அவரால் சொல்லமுடியும் என்ற அர்த்தத்தில். பேக்கர்லியும் கூம்ப்ஸும் செய்தது அந்தப் பிரேதப் பரிசோதனைதான். ஒரு வித்தியாசம். இவர்கள் வெட்டிப் பார்த்த ஆய்வு அப்போது நடமாடிக்கொண்டிருந்தது, நோயாளிகளுக்கு மருந்தும் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது.

இனி கதை.

2006-ல் 'நேச்சர் மெடிசின்' ஏட்டில் ஒரு கட்டுரை வந்தது. வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து. முக்கியமானவர்கள் அனில் பாட்டி என்ற இளம் டாக்டர், ஜோசஃப் நெவின்ஸ் என்ற மூத்த விஞ்ஞானி. கீமோதெரபி இன்றைக்கும் ஓரளவு குருட்டாம்போக்கு. ஒரே புற்றுநோய், ஒரே மருந்து. ஒருவருக்குக் கட்டி கரையும், பக்கத்துக் கட்டில்காரருக்கு முடி மட்டும் கொட்டும். டியூக் ஆட்கள், கட்டியில் எந்த ஜீன் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்று அளந்தால் எந்த மருந்து அவருக்குப் பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றார்கள். பரிசோதனைச் சாலையில் வளர்க்கிற 60 வகைப் புற்றுநோய் செல்களை வைத்து ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு 'ஜீன் கையெழுத்து' தயாரித்திருந்தார்கள். செல்லில் பார்த்த கையெழுத்து நிஜ நோயாளியின் கட்டியிலும் பலிக்கிறது என்று அடித்துச் சொன்னார்கள்.

எவ்வளவு பெரிய விஷயம்! ஹூஸ்டன் டாக்டர்கள் இதைப் படித்துவிட்டு, "நம்ம பேஷன்ட்களுக்கும் இதைச் செஞ்சு தர முடியுமா?" என்று தங்கள் புள்ளியியல் ஆட்களிடம் கேட்டார்கள். பேக்கர்லியும் கூம்ப்ஸும் உட்கார்ந்தார்கள். குற்றம் கண்டுபிடிக்க உட்காரவில்லை, நகலெடுக்க உட்கார்ந்தார்கள். அதே டேட்டா, அதே முறை, ஆனால் அதே விடை வரவில்லை.

ஏன் வரவில்லை என்று அவர்கள் தேடிப்போன பாதைதான் கட்டுரையின் ருசி. முதலில் ஜீன் பட்டியல். டியூக் அச்சிட்ட ஜீன்களுக்கும் கணக்கில் வந்த ஜீன்களுக்கும் சம்பந்தமே இல்லை. முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தபோது பொறி தட்டியிருக்கிறது. பட்டியல் ஒரு வரி கீழே நகர்ந்திருந்தது! பத்தாம் வகுப்பு மார்க் பட்டியலில் பெயர்கள் அப்படியே இருக்க, மார்க் மட்டும் ஒரு வரி தள்ளிப் போனால் எப்படி இருக்கும்? முத்துவின் கணக்கு மார்க் முருகேசனுக்கு, முருகேசனுடையது மும்தாஜுக்கு. எல்லா மார்க்கும் ஒரிஜினல்தான், ஒன்றுகூட உரியவரிடம் இல்லை. ஒரு வரி ஏற்றிப் பார்த்தால் பெரும்பாலானவை பொருந்தின. எல்லாமும் இல்லை. மிச்சம் சில ஜீன்கள் எந்தக் கணக்கிலும் வராமல் தனியாக நின்றன. வேடிக்கை என்னவென்றால், 'ஏன் இந்த மருந்து வேலை செய்கிறது' என்று பெருமையாக விளக்கம் சொல்ல டியூக் ஆட்கள் பயன்படுத்தியது இவற்றைத்தான். அதிலும் இரண்டு அளவீடுகள் அவர்கள் உபயோகித்த சிப்பிலேயே கிடையாது. தராசில் வைக்காத பொருளுக்கு எடை போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது இதைவிட மோசம். கணினிக்கு 'மருந்து கேட்கும் செல்' ஒரு எண், 'கேட்காத செல்' இன்னொரு எண். சில மருந்துகளுக்கு இந்த இரண்டும் இடம் மாறியிருந்தன. புரிகிறதா? கருவி 'இந்த மருந்து இவருக்குப் பலிக்கும்' என்று சொன்னால், பலிக்காது என்று அர்த்தம். அப்புறம் சில நோயாளிகளின் மாதிரி ஒரே டேட்டாவில் பல தடவை வருகிறது. ஒரு இடத்தில் 'மருந்து கேட்டது' என்றும் இன்னொரு இடத்தில் 'கேட்கவில்லை' என்றும். டெமோசொலோமைடு என்ற மருந்துக்கு என்று வெளியிட்ட வண்ணப் படம், முன்னால் சிஸ்பிளாட்டினுக்கு என்று வெளியிட்ட அதே படம்.

நடையைப் பற்றிச் சொல்லவேண்டும். இவ்வளவையும் இவர்கள் எழுதியிருக்கிற விதம், வீட்டு வரி ரசீது மாதிரி. ஆச்சரியக்குறி ஒன்று இல்லை, கோபம் இல்லை. இந்தக் கோப்பை எடுத்தோம், இந்த நிரலை எதனுடன் ஒப்பிட்டோம், இவ்வளவு பொருந்தியது, இவ்வளவு பொருந்தவில்லை. சந்தேகம் இருந்தால் நீங்களே செய்து பார்த்துக்கொள்ளலாம் என்று கம்ப்யூட்டர் கட்டளைகள் முதற்கொண்டு கொடுத்துவிட்டார்கள். எதிராளி செய்யாததைத் தாங்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். இது ஒரு எழுத்தாளனின் சாமர்த்தியம் என்றே சொல்வேன். குற்றம் சாட்டுகிற பக்கங்களில் குரல் உயரவே இல்லை, நமக்குத்தான் ரத்த அழுத்தம் ஏறுகிறது.

ஆனால் அந்த மரியாதையிலேயே எனக்குக் குறையும் தெரிகிறது. இவ்வளவு தப்பு எப்படி வந்தது என்று விலாவாரியாகச் சொல்கிறவர்கள், ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவர்கள் அனுபவத்தில் அதிகம் நடக்கிற தப்புகள் எளிய தப்புகள், எளிய தப்புகள் அதிகம் நடக்கின்றன என்று முடிக்கிறார்கள். வரி தள்ளிப் போவது யாருக்கும் நடக்கும், வாஸ்தவம். வரியும் தள்ளி, அடையாளமும் புரண்டு, சிப்பில் இல்லாத ஜீனும் வந்து, அத்தனையும் எப்போதும் ஆராய்ச்சியாளருக்கு வசதியான பக்கமே சாய்ந்தால்? ஒரு வரி சந்தேகமாவது எழுதியிருக்கலாம். நோயாளிகளுக்கு ஆபத்து இருக்கலாம் என்று சுருக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். அது முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வரவேண்டிய விஷயம். வந்ததோ, டாக்டர்கள் அதிகம் புரட்டாத ஒரு புள்ளியியல் ஏட்டில்.

அப்படிப் பூசி மெழுகியதால் என்ன ஆனது என்று பாருங்கள். 2007-லேயே இருவரும் 'நேச்சர் மெடிசினு'க்குக் கடிதம் எழுதி அது அச்சாகியிருந்தது. டியூக் தரப்பு 'எங்கள் முறை சரிதான்' என்று பதில் எழுதியது. அதே 2007-ல் டியூக்கில் நிஜ நோயாளிகளை வைத்துப் பரிசோதனை ஆரம்பமானது. நுரையீரல் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய். யாருக்கு எந்தக் கீமோ என்பதை இந்தக் கையெழுத்து சொன்னது. எல்லாம் சேர்த்து நூறு பேருக்கு மேல்.

2009-ல் கட்டுரை வந்ததும் பரிசோதனைகளை நிறுத்தினார்கள். வெளியாட்களை வைத்து விசாரித்தார்கள். பேக்கர்லி புதிதாகக் கண்டுபிடித்து எழுதிய குறிப்புகள் அந்த விசாரணைக் குழுவின் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. குழு 'பரவாயில்லை' என்றது. 2010 ஆரம்பத்தில் பரிசோதனைகள் மறுபடி தொடங்கின!

கடைசியில் எது நிறுத்தியது தெரியுமா? கணக்கு இல்லை, பயோடேட்டா. 2010 ஜூலையில் 'தி கேன்சர் லெட்டர்' என்ற சிறு செய்திப் பத்திரிகை, அனில் பாட்டி தன்னை ரோட்ஸ் ஸ்காலர் என்று சொல்லிக்கொண்டது பொய் என்று போட்டது. அதே மாதம் முப்பதுக்கும் மேற்பட்ட பயோஸ்டாட்டிஸ்டிஷியன்கள் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் தலைவருக்குக் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். பரிசோதனைகள் நின்றன. நவம்பரில் பாட்டி ராஜினாமா. கட்டுரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வாபஸ் ஆகி, எண்ணிக்கை பத்தைத் தாண்டியது. மூன்று வருஷம் பக்கம் பக்கமாகக் காட்டிய கணக்கு யாரையும் அசைக்கவில்லை, ஒரு பொய் ஸ்காலர்ஷிப் அசைத்தது. ஜீன் கணக்கு எல்லோருக்கும் புரியாது, பயோடேட்டா பொய் எல்லோருக்கும் புரிகிறது. அவ்வளவுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

2015-ல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நேர்மை அலுவலகம் இது முறைகேடு என்று தீர்மானித்தது. பாட்டி ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை, சமரசம் செய்துகொண்டார். அந்த அறிக்கையில் ஒரு வரி. மானியம் கேட்டு எழுதிய விண்ணப்பத்தில், ஒரு மருந்துக்கு 33 பேரில் 6 பேருக்குப் பலன் தெரிந்தது என்று போட்டிருந்தார். நிஜத்தில் சேர்ந்தது 4 பேர், பலன் தெரிந்தது பூஜ்யம். இதற்கு மேல் 'எளிய தப்பு' என்று சொல்லமுடியுமா?

சரி, டியூக்கில் உள்ளே இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு ஆள் சொன்னார். பாட்டியின் ஆய்வகத்தில் இருந்த மருத்துவ மாணவர் ஒருவர் 2008-லேயே சந்தேகங்களை வரிசைப்படுத்தி எழுதிக் கொடுத்தார். கட்டுரைகளிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லி, வேறு ஆய்வகத்துக்குப் போய், ஒரு வருஷத்தையும் இழந்தார். அவர் எழுதிய குறிப்பு வெளியே வந்தது 2015-ல். அந்த மாணவர் சொன்னதை, கணக்கே தொழிலாக இருக்கிற ஒருவர் அங்கே உரக்கச் சொல்லியிருக்கவேண்டும், சொன்னால் நிர்வாகம் கேட்டாகவேண்டிய ஏற்பாடும் இருந்திருக்கவேண்டும். இதைப் பற்றிப் பேக்கர்லி - கூம்ப்ஸ் கட்டுரை பேசுவதே இல்லை. அது காட்டுகிற பரிகாரமெல்லாம் சாதனங்களில் இருக்கிறது. டேட்டாவை வெளியிடு, எந்த வரி யாருடையது என்று அடையாளம் போடு, நிரலைக் கொடு. எல்லாம் நியாயம்தான். நாற்காலியைப் பற்றித்தான் ஒன்றுமில்லை.

நாற்காலி என்றால்? அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலான பயோஸ்டாட்டிஸ்டிஷியன்களுக்குச் சம்பளம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. இந்த டாக்டரின் மானியத்திலிருந்து 20 சதவீதம், அந்த டாக்டரிடமிருந்து 10, இன்னொருவரிடமிருந்து 15 என்று கூட்டிக் கூட்டி நூறு ஆக்கவேண்டும். நம்மூர் கல்யாணச் சமையல்காரர் மாதிரி. வீட்டுக்கு வீடு அழைப்பு வந்தால்தான் அடுப்பு எரியும். 'உங்க ரிசல்ட் தப்பு சார்' என்று யாரிடம் சொல்லவேண்டுமோ, அவர்தான் 20 சதவீதம் சம்பளம் கொடுக்கிறவர். அவருக்கு மானியம் வரவேண்டுமானால் கட்டுரை வரவேண்டும். கட்டுரை வரவேண்டுமானால் 'சிக்னிஃபிகன்ட்' வேண்டும். சங்கிலி எங்கே போய் முடிகிறது பாருங்கள். ஆய்வுக் கட்டுரையில் பெயர் வரிசையிலும் இவர்கள் இருப்பது பெரும்பாலும் நடுவில்தான். முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும்தான் மரியாதை. நடுவில் இருக்கிறவர்கள் குரூப் போட்டோவில் இரண்டாவது வரிசை.

கற்பனையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2018-ல் 'அனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' ஏட்டில் ஒரு கணக்கெடுப்பு வந்தது. ஆலோசனை சொல்கிற அமெரிக்க பயோஸ்டாட்டிஸ்டிஷியன்கள் 522 பேரைத் தொடர்பு கொண்டு, 390 பேரிடம் பதில் வாங்கினார்கள். ஆராய்ச்சியாளர்கள் உங்களிடம் என்னென்ன தகாத வேலை கேட்டிருக்கிறார்கள்? மிகக் கடுமையானவை என்று அவர்கள் கருதிய கோரிக்கைகளில் அதிகம் பேர் சொன்னது, நினைத்த முடிவுக்கு ஒத்துப்போக சில பதிவுகளை நீக்கு, அல்லது மாற்று. அடுத்தது, வந்த விடையை விட்டுவிட்டு எதிர்பார்த்த விடைக்கு விளக்கம் எழுது. மூன்றாவது, முக்கியமான டேட்டா காணாமல் போயிருப்பதைச் சொல்லாதே. இந்த மாதிரிக் கோரிக்கைகள் அதிகம் வந்ததாகச் சொன்னவர்கள் யார்? வயதில் சின்னவர்கள். தலைமுடி நரைத்த பேராசிரியரிடம் போய் 'இந்த நாலு பேஷன்டை எடுத்துடுங்க' என்று கேட்க யாருக்கும் அவ்வளவு தைரியம் வராது. நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணிடம் வரும்.

கோரிக்கைக்கு எத்தனை பேர் தலையாட்டினார்கள்? அதை அந்தக் கணக்கெடுப்பு அளக்கவில்லை. எனக்குத் தெரிந்துகொள்ள ஆசைதான்.

நாற்காலி உறுதியாக இருந்தால் எப்படி மறுக்கலாம் என்பதற்கும் ஒரு கதை சொல்கிறேன், இதற்கு வயிறு கலங்காது. 1988-ல் 'லான்செட்' ஏட்டில் ஐசிஸ்-2 என்ற பெரிய பரிசோதனையின் முடிவு வந்தது. மாரடைப்பு சந்தேகத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்த 17,187 பேர். கேள்விகளில் ஒன்று, உடனே ஆஸ்பிரின் கொடுத்தால் உயிர் பிழைப்பார்களா? ஐந்து வாரத்தில் ஆஸ்பிரின் இல்லாத 8,600 பேரில் 1,016 பேர் ரத்தக்குழாய் சம்பந்தமான காரணங்களால் இறந்தார்கள். ஆஸ்பிரின் கொடுத்த 8,587 பேரில் 804. இருநூறு உயிருக்கு மேல் வித்தியாசம், சில பைசா மாத்திரையில். நடத்தியது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம், முன்னணியில் ரிச்சர்ட் பீட்டோ என்ற புள்ளியியலாளர். இவர் கூப்பிட்டனுப்பி வந்த ஆள் இல்லை. பரிசோதனையே இவரும் சேர்ந்து வடிவமைத்தது.

கட்டுரையை அனுப்பியபோது பத்திரிகை தரப்பு, வயது, பழைய வியாதி என்று நோயாளிகளைச் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் பலனைக் காட்டச் சொன்னதாம். அப்படிப் பிரித்தால் அபத்தம்தான் வரும் என்று இவர்களுக்குத் தெரியும். மேலே சொன்ன 20 கேள்வி விவகாரம். சரி, போடுகிறோம், ஆனால் நாங்கள் தருகிற ஒரு பிரிவையும் சேர்த்து அச்சிடவேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். பீட்டோ பிற்பாடு சொல்லிச் சொல்லி மகிழ்ந்த கதை இது. அந்தப் பிரிவு, ராசி!

நம்ம ஜாதகத்து ராசி இல்லை; பிறந்த தேதியை வைத்து மேல்நாட்டுப் பத்திரிகைகளில் வார பலன் போடுகிறார்களே, அது. பிரித்துப் பார்த்ததில், மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் ஆகவில்லை. அந்த ராசிக்காரர்களுக்குக் கொஞ்சம் கெடுதல்கூட. மற்ற பத்து ராசிகளுக்கும் அமோகம். 'லான்செட்' அதை அச்சில் போட்டது. இன்றைக்கும் மாரடைப்போடு வருகிறவரிடம் அலர்ஜி உண்டா, ரத்தக் கசிவு உண்டா என்று கேட்கிறார்கள். பிறந்த தேதி கேட்டால் அது வயதுக்காக.